சேலத்தில் ஒரு மின்கத்தி மீன்: தண்ணீரை அளப்பதிலிருந்து அதன் ஒலியைக் கேட்பது வரை

செவ்வாய்ப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயரும் மிக்சி மோட்டாரும் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நெருங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் கடையின் பின்கட்டில் இருக்கும் மீன் தொட்டிதான் துணை. அந்தத் தொட்டியில் இருப்பது கடைக்காரர்கள் ‘பிளாக் கோஸ்ட்’ என்று விற்கும் கருப்பு மீன். உடல் ஒரு கத்தியின் வாகு. வாலில் இரண்டு வெள்ளை வளையம். நெற்றியிலிருந்து முதுகில் ஓடும் வெள்ளைக்கோடு.

என் முதல் மீன் பதினொரு நாளில் செத்தது. அதை விற்ற கடையிலேயே கொடுத்த மருந்துதான் கொன்றது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் இந்த மீனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இது மின்சாரத்தால் உலகத்தைப் பார்க்கும் மீன் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தைந்து ஆண்டு மின்சாரத்தோடு புழங்கியவன், அதைக் கண்ணால் பார்க்கும் பொம்மையைப் போலவே நடத்தியிருந்தேன். இதை வளர்க்க நினைப்பவர்கள் தொட்டியின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் யோசிக்கவேண்டியது தண்ணீரில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதை. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

முதலில், இந்த மீன் யார்

அறிவியல் பெயர் அப்டெரோனோட்டஸ் ஆல்பிஃப்ரான்ஸ். முதல் சொல்லுக்கு முதுகுத் துடுப்பு இல்லாதது என்று பொருள், இரண்டாவதற்கு வெள்ளை நெற்றி. லின்னேயஸ் 1766-இல் பெயர் சூட்டியது. சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோக்கோ ஆற்றுப் படுகைகள். முழு வளர்ச்சியில் அரை மீட்டரை எட்டும்.

‘கத்தி மீனா? நம் காவிரியிலேயே இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சொட்டை வாளை. உருவம் ஒன்றுபோல் இருந்தாலும் உறவு இல்லை. சொட்டை வாளை மின்சாரம் உண்டாக்குவதும் இல்லை. பரம்பரையைப் பார்த்தால் இந்தக் கருப்பு மீனுக்கு நெருங்கிய சொந்தம் நம் கெளுத்தியும் கெண்டையும்தான். இரண்டு கண்டங்களில் இரண்டு குடும்பங்கள் தனித்தனியாகக் கத்தி வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதன் உண்மையான பங்காளி மின்விலாங்கு. விலாங்கு என்று பெயரே தவிர, அதுவும் இதே வரிசையைச் சேர்ந்த மீன். 2019-இல் அதை மூன்று இனங்களாகப் பிரித்தபோது, ஒன்றில் 860 வோல்ட் வரை அளந்தார்கள். நம் மீன் உண்டாக்குவது மில்லிவோல்ட் கணக்கு. கையை உள்ளே விட்டால் ஒன்றும் தெரியாது, பயப்படவேண்டாம்.

அந்தச் சின்ன மின்சாரத்தை அது அடிப்பதற்கு வைத்துக்கொள்ளவில்லை, பார்ப்பதற்கு வைத்திருக்கிறது. வாலை நோக்கி உடல் நெடுக ஓடும் மின்னுறுப்பு வினாடிக்குச் சுமார் 1,000 முறை துடிக்கிறது. இரவு பகல், தூக்கம் விழிப்பு எதிலும் நிற்பதில்லை. மீனைச் சுற்றித் தண்ணீரில் ஒரு மின்புலம் பரவி நிற்கிறது. அதற்குள் ஒரு கல்லோ பிளாஸ்டிக்கோ வந்தால், அவை மின்சாரத்தைக் கடத்தாததால் மின்னோட்டம் விலகிப் போகும். புழுவோ செடியோ வந்தால், அவற்றுக்குள் உப்பும் நீரும் இருப்பதால் மின்னோட்டம் அந்தப் பக்கம் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை அதன் தோலில் பரவியிருக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உணரிகள் வாங்கி மூளைக்கு அனுப்புகின்றன. உடல் முழுவதும் கண் என்று சொன்னால் மிகையில்லை. கும்மிருட்டில் கடுகளவு நீர்த்தெள்ளு ஓர் அங்குலத் தொலைவில் மிதந்தாலும் தெரிந்துகொள்கிறது. பார்வையின் எல்லையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

உடம்பு ஏன் கத்திபோல் இருக்கிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. சாதாரண மீன்போல் வாலை ஆட்டி உடலை வளைத்து நீந்தினால், ஒவ்வொரு வளைவிலும் அதன் மின்புலமும் கோணிக்கொள்ளும், படம் கலங்கிவிடும். அதனால் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, வயிற்றின் கீழே நீளமாக ஓடும் நாடாத் துடுப்பை மட்டும் அலைபோல் நெளிக்கிறது. அலையின் திசையை மாற்றினால் பின்னோக்கி நீந்தும். வால் முனையால் தடவிக்கொண்டே பொந்துக்குள் பின்பக்கமாக நுழைவதை நீங்களே பார்ப்பீர்கள். கேம்பிரிட்ஜில் இருந்த லிஸ்மன் என்ற விலங்கியலாளருக்குப் பொறி தட்டியதும் இப்படித்தான். ஓர் ஆப்பிரிக்க மீன் பின்னோக்கி நீந்தும்போதும் எதிலும் மோதாமல் போவதைக் கவனித்தார். அது தொடர்ந்து மின்சாரம் விடுவதை 1951-இல் வெளியிட்டார். 1958-இல் மாச்சின் என்பவரோடு சேர்ந்து அது பார்க்கும் விதத்தை விளக்கினார். நுண்துளை உள்ள இரண்டு மண்கலங்கள். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஒன்றுக்குள் தண்ணீர் மட்டும், இன்னொன்றுக்குள் ஒரு கண்ணாடிக் கோல். மீன் சரியாகப் பிரித்தறிந்தது.

என் தொழில்காரப் புத்திக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மற்ற மின்மீன்களில் மின்னுறுப்பு தசையிலிருந்து உருவானது. இந்தக் குடும்பத்தில் மட்டும், வளர்ந்த மீனில் அது நரம்பிழைகளால் ஆனது. தசையை முடக்கும் க்யூராரே நஞ்சைக் கொடுத்தாலும் துடிப்பு நிற்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்து தாளம் போடுகிறது. உயிரியலில் அறியப்பட்ட மிகச் சீரான துடிப்புகளில் அது ஒன்று. என் கடையில் இருக்கும் பழைய சிக்னல் ஜெனரேட்டர் அவ்வளவு நிலையாக நிற்காது.

வேடிக்கைக்கு ஒன்று: இதன் குடல், ஈரல் எல்லாம் தலைக்குப் பின்னால் ஒரு சிறு பைக்குள் அடக்கம். மலத்துவாரம் தொண்டைக்குக் கீழே இருக்கிறது. மீதி உடல் முழுவதும் இயந்திரம்தான்.

அதன் ஊர் எப்படிப்பட்டது

அமேசானில் இது மணற்பாங்கான ஓடைகளிலும் ஓட்டமுள்ள ஆறுகளிலும் வாழ்கிறது. பகலில் வேர்களுக்கும் கட்டைகளுக்கும் அடியில். இரவில் வெளியே வந்து பூச்சிப் புழுக்களையும் சிறு இறால் வகைகளையும் தேடித் தின்கிறது. அங்கே தண்ணீரின் தனிக்குணம் என்னவென்றால், அதில் உப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். மழை கழுவிக் கழுவி மண்ணில் கரைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ரியோ நீக்ரோவின் நீர் ஏறக்குறைய மழைநீர்தான், இலைச்சாறு கலந்து தேநீர் நிறத்தில் இருக்கும்.

உப்பில்லாத தண்ணீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் மில்லிவோல்ட் அளவு மின்சாரமே அங்கே போதுமானதாக இருக்கிறது. அதே மீனை உப்பு மிகுந்த நீரில் விட்டால், பேட்டரியின் இரு முனையிலும் கம்பியைப் போட்டுக் கோத்தது போல ஆகும். மின்னழுத்தம் சரியும், அது பார்க்கும் தூரமும் சுருங்கும். மூடுபனியில் ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த நிலைமையைச் சொல்லிப் புரியவைக்கவேண்டியதில்லை.

படி 1: தண்ணீரை அளந்து பாருங்கள்

மீன் கடைக்குப் போவதற்கு முன் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். அதில் ‘கரைந்த உப்பு’ என்று எண் வந்தாலும், உள்ளே நடப்பது வேறு. இரண்டு முனைகளுக்கு இடையே தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து அதை உப்புக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. மீன் தன் உடலால் செய்வதைத்தான் அந்தக் குச்சியும் செய்கிறது. அதைவிடப் பொருத்தமான கருவி இந்த மீனுக்கு இல்லை.

என் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் மீட்டர் 1,100 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே மனிதனுக்கு அது தண்ணீர்தான். இந்த மீனுக்கு அது மூடுபனி. மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் 280. ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு வரும் ஊற்று நீர் 60. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடும்பாறை. அதில் ஓடும் நீர் அதிகம் எதையும் கரைத்துக்கொள்வதில்லை. மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் வந்து என்ன ஆகிறது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டாம்.

100 முதல் 200 வரை வைத்துக்கொள்ள முயலுங்கள். காவிரித் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் எனக்கு ஏறக்குறைய 160 வருகிறது. முழுக்க ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. சிறிதளவு கார உப்பு இல்லாவிட்டால் தண்ணீரின் அமிலத்தன்மையைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது, பி.எச். ஒரே இரவில் விழுந்துவிடும். 6.5-க்கும் 7.5-க்கும் நடுவே நிலையாக நின்றால் போதும்.

கடைகளில் வரும் மீன்கள் பெரும்பாலும் இந்தோனேசியப் பண்ணைகளில் பிறந்தவை, சென்னைக் கொளத்தூர்ச் சந்தை வழியாக நம் ஊருக்கு வருகின்றன. அமேசானைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே 250, 300-இலும் உயிரோடு இருக்கும். அதற்காக ஆழ்துளைக் கிணற்று நீரை நேராக ஊற்றிவிட்டு ‘பழகிக்கொள்ளும்’ என்று சொல்லாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயில் அகன்ற டிரம்மில் பிடித்து, காற்றுக்குமிழி விட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு, முன்பு ஸ்டூடியோக்களில் புகைப்படம் கழுவப் பயன்பட்ட ‘ஹைப்போ’ உப்பு ஒரு சிட்டிகை. மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து பிற்பகலில் நேராகப் பிடித்து ஊற்றுபவர்கள் மீனை வேகவைக்கிறார்கள்.

படி 2: தொட்டி

விரல் நீள மீனைப் பார்த்து இரண்டடித் தொட்டி வாங்கி ஏமாறாதீர்கள். முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் தாங்கும். அது 255 லிட்டர். வளர்ந்த மீனுக்கு 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி வேண்டும்; அது 680 லிட்டர். கண்ணாடி, மணல், தாங்கி எல்லாம் சேர்த்தால் எடை 850 கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பதாக இருந்தால் வீடு கட்டிய மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். மேலே இடைவெளி இல்லாத மூடி அவசியம். இந்த மீன் துள்ளும்.

படி 3: மணல், மறைவிடம், நம் ஊர்க் கல்

அடியில் மெல்லிய ஆற்றுமணல், இரண்டு அங்குலம். எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த கல், முனைகள் கூர்மையானவை. நாடாத் துடுப்பு கிழிந்துவிடும்.

ஒளிந்துகொள்ள ஒரு குழாய் வேண்டும். மீனின் உடலைவிட நீளமாக, உள்ளே திரும்ப இடம் விட்டு. பி.வி.சி. குழாய் போதும். ஆனால் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் அக்ரிலிக் குழாய் கிடைத்தால் அதையே போடுங்கள். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாததால் நாற்புறமும் சுவர் இருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது, மறைந்துவிட்டதாக நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறது. நமக்கோ பகல் முழுக்க மீன் தெரியும். இரு தரப்புக்கும் லாபமான ஏமாற்று இதைப்போல் வேறில்லை.

கல்லில்தான் சேலத்துக்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். தொட்டியில் போடும் கல் தண்ணீரைக் கெடுக்குமா என்று பார்க்க, எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு அது சரி. நம் ஊர் வெள்ளைக்கல் மேக்னசைட். குளிர்ந்த நிலையில் மெல்லிய அமிலம் பட்டால் அது நுரைக்காது. சோதனையில் தேறிவிட்டதாக நினைத்து அழகான வெள்ளைக்கல்லைத் தொட்டியில் போட்டால், அமிலத்தன்மை கொண்ட நீரில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மக்னீசியத்தை விட்டுக்கொண்டிருக்கும். மீட்டர் எண் ஏறும். ஏன் என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். சுரங்கப் பக்கத்துக் கல் எதுவானாலும் வேண்டாம். வழவழப்பான கருங்கல் கூழாங்கல் போதும்.

மரக்கட்டை விஷயத்தில் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காபிச் செடியின் முறுக்கிய வேர்க்கட்டை பார்க்க அருமையாக இருக்கும். என் அக்காவும் ஆசையாக ஒன்று எடுத்து வைத்திருந்தார். ஆனால் காபி இலைத்துரு நோய்க்குப் போர்டோக் கலவை அடிப்பது தோட்டங்களில் வழக்கம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும். மயில்துத்தம் என்றால் செம்பு. இந்த மீனுக்குச் செம்பு நஞ்சு. ‘அழகாக இருக்கிறதே, கழுவிப் போட்டால் போகாதா?’ என்றார். ‘அக்கா, மரம் குடித்ததைக் கழுவ முடியாது’ என்றேன். தோட்டத்து ஓடை நீருக்கும் இதே விதி. கட்டைக்குப் பதில் காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலைகள் நான்கைந்து போடுங்கள். தண்ணீர் மெல்லிய தேநீர் நிறம் பெறும், வெளிச்சம் மட்டுப்படும்.

விளக்கு மங்கலாக இருக்கட்டும். நீல ஒளி, பச்சை ஒளி, குமிழி விடும் புதையல் பெட்டி எதுவும் இதற்குத் தேவையில்லை.

படி 4: மின்கசிவு

மோட்டாரும் ஹீட்டரும் தண்ணீருக்குள் இருக்கின்றன. காப்புறை விரிசல் விட்டால் வீட்டு மின்சாரம் நீருக்குள் கசியும். மற்ற மீன்கள் பொறுத்துக்கொள்ளும் கசிவுகூட இதற்குத் தொல்லைதான், ஏனென்றால் தன் துடிப்பை உணரும் உணரிகளைத் தவிர, மெதுவான வெளி மின்சாரத்தை உணரும் தனி உணரிகளும் இதற்கு உண்டு. புழுவின் உடலிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தைக் கண்டுபிடிப்பதற்கு அவை இருக்கின்றன. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அங்கே போய் மோதும். மீன் காரணமில்லாமல் துடித்து ஓடுகிறது, ஹீட்டர் இருக்கும் மூலைக்குப் போக மறுக்கிறது என்றால் முதலில் ஹீட்டரைச் சந்தேகியுங்கள்.

தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். மீனுக்காக மட்டும் சொல்லவில்லை. கை விடுவதற்கு முன் பிளக்கை உருவுங்கள். சுவிட்சை அணைத்தேன் என்பது கணக்கில் வராது. பழுது பார்ப்பவன் சொல்கிறேன், சுவிட்சில் நியூட்ரல் கம்பியை மாட்டி வைத்திருக்கும் வீடுகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

படி 5: காத்திருங்கள்

வடிகட்டியை ஓட்டி, நான்கு முதல் ஆறு வாரம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதற்குள் குடியேறிவிடும். நடுவில் மீன் வாங்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: மீனைத் தேர்ந்தெடுப்பது

இந்த மீன் ஒருக்களித்துப் படுக்கும். செத்துவிட்டது என்று நினைத்து ஒதுக்கவேண்டாம். பார்க்கவேண்டியது தலைக்குப் பின்னால் இருக்கும் சதை: கிண்ணம்போல் குழிந்திருந்தால் பட்டினி கிடந்த மீன், விட்டுவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலும் விட்டுவிடுங்கள். வால் நுனி கொஞ்சம் அறுந்திருந்தால் பரவாயில்லை. மின்னுறுப்பும் முதுகுத்தண்டு நரம்பும் உட்பட, அறுந்த வாலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் திறமை இதற்கு உண்டு. ஆய்வகங்களில் இதற்காகவே இந்தக் குடும்பத்தை வளர்க்கிறார்கள்.

கடைக்காரரிடம் சாப்பிடக் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கவிழ்க்காமல், வாளிக்கு மாற்றி, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுங்கள். பை நீரையும் தொட்டி நீரையும் மீட்டரில் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இன்னும் மெதுவாக.

ஒரு தொட்டிக்கு ஒரு மீன். ஒரே இனத்தில் இரண்டைப் போட்டால் பெரியது சின்னதை விரட்டிக் கடிக்கும். அலைவரிசையும் ஒன்றோடொன்று உரசும். இரண்டு மீன்களின் துடிப்பு எண்ணிக்கை மிக நெருங்கினால் பார்வை கலங்கும் என்பதால், அவை எண்ணிக்கையை நகர்த்தி விலகிக்கொள்வதை 1963-இல் வத்தனாபே, தாக்கெதா என்ற இருவர் பங்காளி இன மீனொன்றில் கண்டார்கள். ஒரு திருவிழாவில் இரண்டு ஒலிபெருக்கிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் நகர்வது என்ற சண்டைதான். மீன்கள் அதை நாகரிகமாகத் தீர்த்துக்கொள்கின்றன, இடம் இருந்தால். துணைக்கு, இதன் வாய்க்குள் நுழையாத சாதுவான மீன்கள் போதும். நியான் டெட்ரா ஒவ்வோர் இரவும் ஒன்று குறையும். டைகர் பார்ப் துடுப்பைக் கொறிக்கும்.

படி 7: தீனி

விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். உறைய வைத்த இரத்தப்புழு, தோல் நீக்கி நறுக்கிய இறால், மண்புழு. பூச்சிமருந்து படாத இடத்து மண்புழுவை ஒரு நாள் ஈரத்துணியில் வைத்து வயிற்றைக் காலியாக்கிவிட்டுக் கொடுங்கள். சாக்கடையில் அள்ளிவரும் டியூபிஃபெக்ஸ் புழு நோயோடு வரும். இரண்டு மூன்று மாதத்தில் விரல் நுனியிலிருந்து வாங்கித் தின்னப் பழகிவிடும். முதலில் முகத்தால் வராது. பின்பக்கமாக வந்து உங்கள் விரலை வாலால் ஒரு முறை அளந்துவிட்டுத்தான் திரும்பும்.

படி 8: கத்திரி வெயிலும் மார்கழிப் பனியும்

இதற்கு வேண்டியது 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். சேலத்தில் சித்திரை, வைகாசியில் தொட்டி நீர் 32-ஐத் தொடும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனின் உடலோ கூடுதலாகக் கேட்கும். சிறிய மேசை விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் குறுக்கே ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடி இருந்த இடத்தில் அந்த நாள்களில் கொசுவலை கட்டிவிடுகிறேன். இங்கே பலர் செய்யும் பிழை: ஆவியான அளவை மறுபடி குழாய்த் தண்ணீரால் நிரப்புவது. ஆவியானது நீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கிறது. அதன்மேல் இன்னும் உப்பு ஊற்றினால் மே மாத முடிவில் மீட்டர் எங்கே போகும் என்று பாருங்கள். ஆவி இழப்புக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றும்போது வழக்கமான கலவை.

ஏற்காட்டில் தலைகீழ்க் கதை. மார்கழி இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை வையுங்கள். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தொட்டி கொதிக்காது, ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். பின்புறமும் பக்கங்களும் தெர்மகோல் ஒட்டுங்கள். மலைக்காரர்கள் மறக்கும் ஒன்று: 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஒரே வெப்பநிலையில் நீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். குளிர் ஊர்தானே, காற்றுக்குமிழி எதற்கு என்று அக்கா கேட்டதற்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன்; ஹீட்டர் வைத்த பிறகு அந்தத் தண்ணீருக்குக் குளிர் ஊர் என்ற சலுகை கிடையாது. மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரு ஊருக்கும் பொது.

படி 9: மருந்துப் பெட்டியைப் பூட்டிவையுங்கள்

இதற்குச் செதிலே இல்லை என்பார்கள். உண்டு, மிக மிகச் சிறியவை. ஆனால் மருந்து விஷயத்தில் செதில் இல்லாத மீனாகவே நடத்துங்கள். வெள்ளைப் புள்ளி நோய் இதை எளிதில் பிடிக்கும். என் முதல் மீனுக்கு வந்ததும் அதுதான்; கடையில் கொடுத்த நீல மருந்தில் இருந்தது செம்பு. புட்டியின் பின்பக்க எழுத்தைப் படிக்காதது என் தப்பு. வெப்பத்தை நாளுக்கு ஒரு டிகிரியாக 30 வரை ஏற்றி, காற்றுக்குமிழியைக் கூட்டி, இரண்டு வாரம் வைத்திருப்பதே என் முதல் சிகிச்சை. கல்லுப்பு போடும் பழைய வைத்தியமும் இங்கே வேண்டாம்; காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

வளர்க்க முடியாமல் போனால் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ விடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்ற மீனை யாரோ இரக்கப்பட்டு விட்டதால் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இன்று வலையைப் போட்டால் அதுதான் வருகிறது. வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள்.

படி 10: மீனைக் கேளுங்கள்

என்னைக் கேட்டால் இதற்காகவே இந்த மீனை வளர்க்கலாம். எல்.எம்.386 சில்லில் கட்டிய, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். உள்ளீட்டுக்கு இரண்டு ஒயர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் துண்டு. செம்பு ஒயரை நீரில் விடக்கூடாது. வேறெங்கும் மறந்தாலும் இங்கே மறக்காதீர்கள். ஒயரில் தொடராக 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டால் நேர்மின்னோட்டம் தண்ணீருக்குள் போகாது. சுவர் மின்சாரத்தில் ஓடும் எந்த ஆம்ப்ளிஃபயரையும், சார்ஜரில் இருக்கும் எந்தக் கருவியையும் தொட்டியோடு இணைக்காதீர்கள். பேட்டரி மட்டும்.

மீன் இருக்கும் குழாயின் தலைப்பக்கம் ஒரு முனை, வால்பக்கம் ஒரு முனை. ஒலியைக் கூட்டுங்கள். ‘சீ…’ என்று ஒரே சுருதியில், விட்டுப்போகாமல், ஒரு மெல்லிய சீழ்க்கை வரும். மீன் குறுக்கே திரும்பினால் ஒலி தேயும், நேராக வந்தால் ஏறும், சுருதி அசையாது. கூடவே தாழ்ந்த ‘ம்ம்ம்’ இரைச்சல் கொஞ்சம் கேட்பது இயல்பு. ஆனால் ஹீட்டர் பிளக்கை உருவியதும் அந்த இரைச்சல் சட்டென்று விழுந்தால், படி 4-க்குத் திரும்பிப் போங்கள்.

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்று போட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கிக்கு அருகே பிடித்து, வாரம் ஒருமுறை அது காட்டும் ஹெர்ட்ஸ் எண்ணைக் குறித்துவையுங்கள்; வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் அது. பக்கத்தில் நீரின் வெப்பநிலையும். வெப்பம் ஏறினால் எண்ணும் ஏறும். அதனால் ஒரே வெப்பநிலையில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடவேண்டும். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் வெளியே ஒன்றுபோல் இருக்கும். பொதுவாக ஆணின் எண் தாழ்ந்தது, பெண்ணின் எண் உயர்ந்தது. பங்காளியான பழுப்பு இனத்தில் இது நேர் எதிர்.

அக்காவுக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அவர் அழைப்பார். ‘என்னுடையது 910, தண்ணீர் 25. உன்னுடையது?’ மே மாதத்தில் நான் பதில் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவார், ஏனென்றால் அந்த மாதத்தில் என் நோட்டில் ‘1,120’ என்றும், அதன் பக்கத்தில் ‘30, விசிறி ஓடியும்’ என்றும் எழுதியிருக்கும்.